புள்ளி வைத்து அழைத்தால்

"என் எழுத்துல தப்பு இல்லைங்க, அம்மணி" என்றாள் வசந்தாமணி.

மேகலை கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து, பழைய பல் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு கடலைத் தோல் விழுந்தது.

"எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துட்டேனுங்க. ஒழுங்காத்தான் ஓடுது. அந்தத் தண்ணி விடற நாச்சிமுத்து கைய எங்கியோ வெச்சுப்போட்டு, கம்ப்யூட்டர்ல திரை தானா மூடுதுங்கறான். திரை எங்காச்சும் தானா மூடுமா?"

"மூடாது."

"அதைத்தான் நானும் மடத்துக் காரியஸ்தர்கிட்டச் சொன்னேன்."

பிரஷ் நின்றது.

"சொல்லிட்டீங்களா?"

"கேட்டாருங்க. சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

வசந்தாமணி முந்தானையின் நுனியை விரலில் சுற்றினாள். "வர்ற வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் நாச்சிமுத்துவை மலைய விட்டு எறங்கச் சொல்லிட்டாருங்க."

மேகலை மறுபடி தூசி தட்டத் தொடங்கினாள்.

*

தேனூத்து மடம் மலைமேல் இருக்கிறது. பக்கத்திலேயே ஊற்று. ஊற்று நீரைத் தொட்டியில் சேர்த்து, சுற்றியிருக்கும் ஊர்களுக்கு முறை வைத்து விடுவது அந்த மடத்தின் தருமம். பள்ளத்தில் இருக்கும் கீழ்ப்பட்டிக்கு வால்வைத் திறந்தால் போதும், தண்ணீர் தானாக ஓடும். மேட்டில் இருக்கும் மேலூருக்கு மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும்.

முன்பெல்லாம் இதைக் கையால் செய்தார்கள். இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. ஆனால் அது சொன்னதைத்தான் செய்யும். சொல்ல வேண்டியதை வரிவரியாக எழுதி வைக்க வேண்டும். அந்த எழுத்துக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர்; அதை ஓடவிடுவதற்குக் கூப்பிடுவது என்று பெயர்.

அதை எழுதக் கற்றுத் தருபவள் மேகலை. கற்றுக்கொள்பவள் வசந்தாமணி.

குருவுக்கு முப்பது வயது நிறையவில்லை. சிஷ்யைக்குப் பேரன் பிறந்துவிட்டான். ஆகையால் குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவை அம்மணி என்பாள். மடத்தில் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

வசந்தாமணி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மூளைக்குக் குறைவில்லை. பயம்தான் அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போவாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்ததும், கேஸை மூடினோமா என்று சந்தேகம் வரும். மறுபடி திறந்து உள்ளே போவாள்.

அந்தப் பயம் அவள் எழுத்திலும் இருந்தது.

நாச்சிமுத்து தினமும் காலையில் கூப்பிடும் ஸ்கிரிப்டின் நடுவில் அவள் புதிதாக ஒரு வரியைச் சேர்த்தாள். தொட்டியில் தண்ணீர் குறைவாக இருந்தால் மேற்கொண்டு ஒன்றும் செய்யாதே, மூடிவிட்டு வெளியேறு. எக்ஸிட் என்று ஒரே சொல். ஏனென்றால் அதற்கு அடுத்த வரி மோட்டாரைப் போட்டுவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் எரிந்துபோகும்.

நல்ல வரிதான். மேகலை இருந்திருந்தால் அவளும் மெச்சியிருப்பாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அவள் ஊருக்குப் போயிருந்தாள். நேற்றுத்தான் திரும்பினாள்.

அவள் இல்லாதபோதுதான் அது நடந்தது.

கீழ்ப்பட்டிக்கு வால்வு திறந்திருந்தது. அளவாகத் தண்ணீர் போனதும் வால்வை மூட வேண்டிய காவல் வேலை நாச்சிமுத்துவின் திரைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதே திரையில், மேலூருக்குத் தண்ணீர் விட, அவன் அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிட்டான். தொட்டி குறைவாக இருந்தது. திரை சட்டென்று மூடிக்கொண்டது. அதோடு காவலும் போயிற்று.

கையால் மூடும் திருகு துருப்பிடித்துக் கிடந்தது. அவன் காரியஸ்தரைத் தேடி மேலே ஓடினான். காரியஸ்தர் பூசையில் இருந்தார். அவன் திரும்புவதற்குள் தொட்டி காலி. கீழ்ப்பட்டித் தெருவில் தண்ணீர் ஆறாக ஓடியது. மேலூர்ப் பிள்ளைகள் முகம் கழுவாமல் பள்ளிக்கூடம் போனார்கள்.

திரை தானாக மூடிற்று என்றான் நாச்சிமுத்து. தூங்கிவிட்டான் என்றது மடம்.

*

"அக்கா" என்றாள் மேகலை. "அவர் அந்த ஸ்கிரிப்டை எப்படிக் கூப்பிடறார்?"

"எப்படின்னா? பேர அடிச்சு என்ட்டர் தட்ட வேண்டியதுதான்."

"பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

"காலைல போய்ப் பாருங்க."

"பார்த்து?"

"பார்த்துட்டு வாங்க."

மேகலை கீபோர்டை நிமிர்த்தி வைத்தாள். பேச்சு முடிந்துவிட்டது.

*

தண்ணீர் அறைக்குள் எப்போதும் ஈர மண் வாசனை அடிக்கும். நாச்சிமுத்து வெளியே திருகைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். துருவெல்லாம் போய் அது பளபளத்தது. உள்ளே வந்து அவளைப் பார்த்தான். ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினான்.

முன்பெல்லாம் வாய் நிறைய அக்கா என்பான். தொட்டி காலியான நாளிலிருந்து அந்தச் சொல் நின்றுவிட்டது.

"உக்காருங்க. நான் தூங்கறனான்னு பாக்க வந்தீங்களா?"

"அம்மணி பாக்கச் சொல்லிச்சு."

"நல்லாப் பாருங்க. கண்ணு ரெண்டும் தொறந்துதான் இருக்குது."

கறுப்புத் திரை திறந்திருந்தது. ஷெல் என்பார்கள். நாம் ஒரு சொல் அடித்தால் அதைச் செய்துவிட்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும். மூலையில் சின்னக் கட்டம் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து ஒரு புள்ளி வைத்தான். கொஞ்சம் இடம் விட்டான். பிறகு ஸ்கிரிப்டின் பெயரை அடித்தான்.

ஈ உட்கார்ந்ததுபோல் இருந்தது அந்தப் புள்ளி.

"நில்லு தம்பி. அந்தப் புள்ளி கை தவறி விழுந்துச்சா?"

"இல்லீங்க. அதுதான் முறை."

"நான் வெக்கறதில்லையே."

"நீங்க எழுதறவங்க. நாங்க கூப்பிடறவங்க."

என்ட்டர் தட்டினான்.

கோடைக் காலம். தொட்டி குறைவாகத்தான் இருந்தது. கறுப்புத் திரை காணாமல் போயிற்று. அது இருந்த இடத்தில் மடத்துச் சாமி படம் சிரித்துக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து, போலீஸைப் பார்த்தவன்போல் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

"நான் தொடலீங்க. கண்ணக்கூடச் சிமிட்டலீங்க."

வசந்தாமணி ஸ்டூலை மேசைக்கு நெருக்கினாள். "புள்ளி வெக்காமக் கூப்பிடு."

புதிதாகத் திரையைத் திறந்து, புள்ளி இல்லாமல் கூப்பிட்டான். 'தண்ணீர் குறைவு' என்று சொல்லிவிட்டு ஸ்கிரிப்ட் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. திரை அப்படியே இருந்தது.

"பாத்தியா? நான் சொன்னனே. எல்லாம் அந்தப் புள்ளியாலதான்."

"இப்ப இதப் பாருங்க."

இன்றைக்கு எந்த ஊர் முறை என்று திரையிடம் கேட்டான். திரை ஒன்றும் சொல்லவில்லை. வெறும் கட்டம் துடித்தது.

"இன்னைக்கு யார் முறைன்னு உங்க ஸ்கிரிப்ட்தான் சொல்லணும். புள்ளி வெச்சுக் கூப்பிட்டாத்தான் அது சொன்னது என் திரைல தங்கும். வெக்காட்டி அது வந்துட்டுப் போன தடமே இருக்காது. ஊர் பேர் தெரியாம வால்வு தொறக்காது. அம்மணி மொத நாளே சொல்லிக் குடுத்ததுங்க."

நாச்சிமுத்து கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"எனக்கு அப்புறம் வர்றவனுக்கும் இதச் சொல்லிக் குடுங்க. பாவம், அவனும் தூங்கிப்போடுவான்."

அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

*

"புள்ளி வெச்சா மூடுது. வெக்காட்டி மறந்துபோகுது. ஏனுங்க, அம்மணி?"

"மத்தியானம் உங்க வீட்ல நான் சமைக்கட்டுங்களாக்கா?"

"நான் நாச்சிமுத்து விஷயத்தக் கேக்கறேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன். கத்திரிக்காய் இருக்குதா?"

கத்திரிக்காய் இருந்தது.

மடத்துக் குடியிருப்பில் வசந்தாமணிக்கு ஒற்றை அறையும் ஓர் அடுப்படியும். அடுப்பில் ஒரு பக்கம் அவள் அரிசியும் பருப்பும் குக்கரில் வைத்தாள். மறுபக்கம் மேகலை கத்திரிக்காய்க் கடைசலுக்கு வதக்கினாள்.

குருவின் கை வேகமான கை. உப்பு ஜாடியை எடுத்தாள், போட்டாள், ஜன்னலில் வைத்தாள். அது ஜன்னலில் இருக்கக் கூடாது. வசந்தாமணி நகர்த்தினாள். மேகலை எடுத்தாள், மறுபடி ஜன்னலில் வைத்தாள்.

"என்ற வீட்ல அங்கதான் இருக்கும்" என்றாள்.

வசந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டு, கொடியில் காயும் துணிகளை எடுக்கக் கொல்லைப் பக்கம் போனாள். இரண்டு புடவை, ஒரு போர்வை. எடுத்துக்கொண்டு சுற்றி முன்வாசலுக்கு வந்தாள்.

கதவு பூட்டியிருந்தது.

குக்கர் சத்தம் இல்லை. விசில் வரும் முன்பே அடங்கிவிட்டிருந்தது. ஃபேன் சத்தமும் இல்லை. எதிரே வேப்பமரத்தடிக் கல்லில் மேகலை உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் சாவி.

"அம்மணி, என்னங்க இது?"

"வேலை முடிஞ்சுது. மூடிட்டு வந்துட்டேன்."

"என்ற சோறு பாதி வேக்காட்டுல இருக்குதுங்க."

"என்ற கடைசல் முடிஞ்சுதே."

"அது என்ற வீடு."

மேகலை யோசிப்பவள்போல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அப்படீங்களா? என்ற வீட்ல நான் இப்படித்தான் பண்ணுவேன். வேலை முடிஞ்சா அடுப்ப அணைப்பேன், கரண்ட்ட நிறுத்துவேன், பூட்டுவேன். இதுவரைக்கும் ஒருத்தரும் குத்தம் சொன்னதில்லை."

"உங்க வீட்ல பண்ணுனா சரிங்க. என்ற வீட்டுக்குள்ள வந்து நின்னுக்கிட்டு..."

சொல் பாதியில் நின்றது.

துணிகளை மார்போடு அணைத்தபடி அவள் அந்தப் பூட்டையே பார்த்தாள். தானே தினமும் இழுத்து இழுத்துப் பார்க்கும் பூட்டு. இப்போது உள்ளே இருக்கும் சோற்றுக்கு யார் காவல்?

"புள்ளி வெச்சுக் கூப்பிட்டா" என்றாள் மெதுவாக, "என்ற எழுத்து அவன் வீட்டுக்குள்ள போய் வேலை செய்யுதுங்களா?"

மேகலை சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"திரைல ஊர்ப் பேர் தங்கற மாதிரி, உப்பு ஜாடியும் ஜன்னல்லயே இருக்குதுங்கக்கா. என்ற வீட்ல ஆக்கிக் குடுத்தனுப்பியிருந்தா ஜாடியும் நகர்ந்திருக்காது, பூட்டும் விழுந்திருக்காது."

அன்றைக்குச் சோறு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. இரண்டு பேரும் அதையேதான் சாப்பிட்டார்கள்.

*

வசந்தாமணி அன்றே எழுத்தைத் திருத்த உட்கார்ந்தாள்.

வெளியேறு என்ற சொல்லை எடுத்துவிட முடியாது. எடுத்தால் அடுத்த வரி மோட்டாரைப் போடும்.

ஷெல்லுக்கு இன்னொரு சொல்லும் தெரியும். ரிட்டர்ன். யார் கூப்பிட்டார்களோ அவர்களிடமே திரும்பிப் போ என்று அர்த்தம். அதை எழுதினாள். புள்ளி வைத்துக் கூப்பிட்டாள். ஸ்கிரிப்ட் பதவிசாகத் திரும்பியது. திரை மூடவில்லை. ஊர்ப் பெயரும் தங்கியது.

அவள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. நாச்சிமுத்து மட்டும் கூப்பிடுவதில்லை. விடியுமுன், ஆள் இல்லாத நேரத்தில், கம்ப்யூட்டரின் கடிகாரமும் தானாகவே அதே ஸ்கிரிப்டைக் கூப்பிடும். அதற்குப் புள்ளி வைக்கத் தெரியாது.

புள்ளி இல்லாமல் கூப்பிட்டுப் பார்த்தாள்.

திரும்பிப் போக இங்கே யாரும் இல்லை என்று திரையில் ஒரு முணுமுணுப்பு வந்தது. வந்துவிட்டு, ஸ்கிரிப்ட் தன்பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிற்று. வெளியே மோட்டார் வறண்டு உறுமியது.

வசந்தாமணி பாய்ந்து மோட்டார் பிளக்கைப் பிடுங்கினாள்.

சொந்த வீட்டில் நின்றால் மூடிவிட்டுப் போக வேண்டும். அடுத்தவர் வீட்டில் நின்றால் திரும்பிப் போக வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் ஒன்று ஆள் போவான், அல்லது மோட்டார் போகும்.

அவள் குருவிடம் போனாள்.

"தன் கால் எந்த வீட்ல நிக்குதுன்னு எழுத்துக்கு எப்படிங்க தெரியும்?"

"நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"நான் மனுஷிங்க. கண்ணு இருக்குது. பாத்தாத் தெரியும்."

"எழுத்துக்கும் கொஞ்சம் கண்ணு குடுத்துப் பாருங்க."

*

வியாழக்கிழமை காலையில் அவள் முகம் தெளிந்திருந்தது.

"வாசல்ல பேர் எழுதியிருக்கும் பாருங்க அம்மணி. ஷெல்லும் அப்படி ஒரு பேர வெச்சிருக்குது. யார் இங்க வேலைய ஆரம்பிச்சாங்களோ அவங்க பேர். அதைப் படிக்கச் சொல்லிட்டேன். ஸ்கிரிப்டோட பேரே இருந்தா சொந்த வீடு. இல்லாட்டி அடுத்தவங்க வீடு."

"உங்கள வீட்ல என்னன்னு கூப்பிடுவாங்க?"

"மணிம்பாங்க."

"ரேஷன் கார்டுல?"

"வசந்தாமணி. வீட்டுக்காரர் பேரும் சேர்ந்திருக்கும்."

"பேரன்?"

"அம்முச்சிங்கறான். அதுவும் சரியா வாய்ல வர்றதில்லை."

"இதுல எந்தப் பேர வாசல்ல தேடுவீங்க?"

வசந்தாமணி மூன்று பெயர்களையும் விரல்விட்டு எண்ணினாள்.

மேகலை எழுந்துபோய், கடிகாரம் கூப்பிடுவதைப்போலவே ஸ்கிரிப்டைக் கூப்பிட்டுக் காட்டினாள். கடிகாரம் வெறும் பெயரைச் சொல்வதில்லை. எந்த அறை, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று முழு விலாசத்தோடு சொல்லும். வசந்தாமணியின் எழுத்து அந்த நீண்ட பெயரைப் படித்தது. இது யாரோ என்று நினைத்துக்கொண்டது. தன் சொந்த வீட்டிலேயே விருந்தாளிபோல் திரும்பிப் போகப் பார்த்தது. திரும்ப ஆளில்லை. அடுத்த வரிக்குப் போயிற்று.

இந்தத் தடவை மேகலை முன்பே பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க" என்றாள் வசந்தாமணி. "நேத்து அந்தப் பக்கம் போனேன். மேசைக்கடியில பெட்டி கட்டி வெச்சிருக்கான். சின்னப் பெட்டிதான். எனக்கு அதைப் பாக்கவே முடியலைங்க."

மேகலை அவள் கையைத் தொட்டாள்.

*

சாயங்காலம் மேகலை அவள் வீட்டுக்கு வந்தாள். ஒரு டம்ளர் காபி குடித்தாள். அம்மாவின் கண்ணுக்குக் கட்டுப் பிரித்த கதையைச் சொன்னாள். ஸ்கிரிப்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வசந்தாமணியின் காபியில் ஆடை படிந்தது.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேகலை எழுந்தாள்.

"போயிட்டு வர்றேங்கக்கா."

"சரிங்க அம்மணி, போயிட்டு வாங்க."

மேகலை நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். இன்னும் ஏதோ வர வேண்டும் என்பதுபோல் நின்றாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லைங்க. பதில் வந்துருச்சு."

போய்விட்டாள்.

கோயிலில் விளக்கு வைக்கும் நேரம். வசந்தாமணி கேஸை மூடினாள். கதவைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். நாலு எட்டு நடந்தாள். வழக்கம்போல் திரும்பி வந்து மறுபடி பூட்டைப் பிடித்தாள்.

பிடித்தவள் அப்படியே நின்றாள்.

இந்தக் கதவை எத்தனை வருஷமாகப் பூட்டுகிறாள். ஒருநாளாவது இந்தப் பூட்டைப் பார்த்துப் போயிட்டு வர்றேன் என்று சொல்லியிருக்கிறாளா? யாராவது சொல்வார்களா?

ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டு அதைச் சொல்லாமல் வந்திருக்கிறாளா?

வந்திருக்கிறாள். ஒரே ஒருதடவை. தண்ணீர் அறையிலிருந்து.

அவள் கோயிலுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள். பாதி வழியில்தான் நினைவு வந்தது, கேஸை மூடினோமா என்ற கேள்வி இன்றைக்கு வரவேயில்லை என்று.

அந்தப் பயந்த வரிக்கு மேலே புதிதாக ஒரு வரி எழுதினாள். முதலில் ஓரமாக நின்று, மெதுவாக, ரிட்டர்ன் என்று, அதாவது போயிட்டு வர்றேன் என்று, ஒருதடவை சொல்லிப் பார். முணுமுணுப்பு வந்தால் வெளியே கேட்க வேண்டாம். அந்தச் சொல் செல்லுபடியானால் உன்னைக் கூப்பிட்ட ஆள் இருக்கிறார். அவரிடமே திரும்பிப் போ. செல்லுபடியாகாவிட்டால் யாரும் இல்லை. மூடிவிட்டுக் கிளம்பு.

புள்ளி வைத்துக் கூப்பிட்டாள். திரும்பியது. திரை இருந்தது.

புள்ளி இல்லாமல் கூப்பிட்டாள். மூடிக்கொண்டு போயிற்று. மோட்டார் மூச்சுவிடவில்லை.

கடிகாரம்போல் முழு விலாசம் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதும் மோட்டார் மூச்சுவிடவில்லை.

மேகலை பின்னால் வந்து நின்று படித்தாள். கடைசி வரை படித்துவிட்டுத் தன் கீபோர்டையும் பழைய பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டாள்.

"சரியாங்க, அம்மணி?"

"எங்கிட்ட என்னத்துக்குங்கக்கா கேக்கறீங்க? நானா கூப்பிட்டேன்?"

*

வெள்ளிக்கிழமை பூசைக்கு மணி அடிப்பதற்கு முன்பே வசந்தாமணி காரியஸ்தர் முன்னால் போய் நின்றாள்.

"திரை மூடுனது என்ற வரியாலதானுங்க."

காரியஸ்தர் விபூதி குழைத்துக்கொண்டிருந்தார். "தப்பே இல்லைன்னு நீதானேம்மா சொன்னே?"

"என்ற வீட்ல ஓட்டிப் பார்த்துட்டுச் சொன்னேனுங்க. அவன் வீட்ல ஓட்டிப் பார்க்கலை."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

"அவன் தூங்கலைங்க. எறங்கணும்னா நான்தான் எறங்கணும். மூட்டை கட்டணும்னாலும் எனக்கு அதிக நேரம் ஆகாதுங்க."

அவர் விபூதியைப் பூசிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடினார்.

"இனிமே மூடுமா?"

"மூடாதுங்க."

"அப்ப யாரும் எறங்க வேண்டாம். போய்த் தண்ணிய விடுங்க. மேலூர்க்காரன் வாசல்ல வந்து நிக்கறான்."

*

தண்ணீர் அறையில் மேசைக்கடியில் பெட்டி இருந்தது. மேலே மடித்த போர்வை. அதன்மேல் ஒரு டார்ச்சு லைட்.

நாச்சிமுத்துவுக்குச் செய்தி முன்பே வந்துவிட்டிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. ஸ்டூலையும் தள்ளவில்லை. அவளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

புள்ளி வைத்தான். இடம் விட்டான். பெயரை அடித்தான்.

என்ட்டர் தட்டிய கையோடு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டான். பழக்கம்.

'தண்ணீர் குறைவு' என்றது ஸ்கிரிப்ட்.

திரை இருந்தது. சின்னக் கட்டம் துடித்தது. கீழ்ப்பட்டி வால்வின் காவல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு யார் முறை என்று கேட்டான். மேலூர் என்றது.

அவன் கைகளை மெதுவாக இறக்கினான்.

மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் திரை இருந்தது. பிறகு தலையைக் குனிந்து, காலாலேயே பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளினான். தொட்டி நிறைய இன்னும் நேரம் இருந்தது. மன்னிச்சுக்கோ என்றால் அவன் சங்கடப்படுவான். சொல்லாவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது.

வெளியே ஊற்றுத் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

வசந்தாமணி எழுந்தாள். வாசல் வரை போனாள். ஒரு செருப்பை மாட்டினாள். இன்னொன்றை மாட்டவில்லை.

"போயிட்டு வர்றேன், தம்பி" என்றாள்.

பதில் இல்லை.

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாச்சிமுத்து திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போயிட்டு வாங்கக்கா" என்றான்.